புழுக்களை ‘அவங்க’ என்றவர்

நடந்தது இவ்வளவுதான்:

1. துணியை மென்மையாக்கும் ஒரு ரசாயனம் எங்கள் லேபுக்குப் பரிசோதனைக்கு வந்தது. ‘முற்றிலும் மக்கும்’ என்று அதன் கேனில் எழுதி, பக்கத்தில் ஒரு பச்சை இலையும் போட்டிருந்தார்கள்.

2. அதைச் சேற்றில் வெவ்வேறு அளவில் கலந்து, ஒவ்வொரு கண்ணாடிக் குடுவையிலும் இருபது சிவப்புப் புழுக்களை விட்டோம். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவாமல் விட்டால் அடியில் நெளியுமே, அந்தப் புழு.

3. இருபத்தெட்டு நாள் காத்திருந்தோம்.

4. ரசாயனம் கலக்காத சேற்றிலிருந்து ஏறக்குறைய எல்லாப் புழுக்களும் சிறகு முளைத்து, கொசுபோன்ற பூச்சிகளாக மேலே வந்தன. கலந்த குடுவைகளில், அளவு கூடக் கூட வரவு குறைந்தது. கடைசி வரிசைக் குடுவைகளிலிருந்து யாரும் வரவில்லை.

5. “வரலீன்னா என்னங்க அம்மணி, அவங்களுக்கு வர மனசில்லாம இருக்கலாமுங்க” என்றார் எங்கள் தொழில்நுட்ப மேலாளர்.

6. அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஐந்தாவது வரிக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். “பரவால்லீங்க, போட்டுக்குங்க” என்பார். அப்படிச் சொல்கிற ஆளின் பெயரை வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டில், மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் லேப். கீழே கடைசல் எந்திரம் ஓடினால் மேலே எங்கள் தராசின் கடைசி இலக்கம் ஆடும். “கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க சார்” என்று நான் கேட்டால், கீழே போய் அவர்களோடு டீ குடித்துவிட்டு வருவார். எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் அவர்களின் சாப்பாட்டு நேரத்தில் எடை போடக் கற்றுக்கொண்டோம்.

மூன்று வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். யார் எதைக் கேட்டும் அவர் மறுத்து நான் பார்த்ததில்லை. இது அவருடைய ஒரு குணம் என்று சொன்னால் குறைவு. ஆள் மொத்தமும் அதுதான். எங்கள் லேபில் அமிலத்தன்மை பார்க்கும் மீட்டர் நான்கு உண்டு, தேவை ஒன்று. வந்த நான்கு விற்பனையாளர்களும் வெயிலில் வந்திருந்தார்கள். நேர்முகத் தேர்வில் ஒரு கேள்விக்கும் பதில் தெரியாத ஒருவரிடம் “பாக்கலாமுங்க” என்று சொல்லி அனுப்பினார். அவர் அதை நம்பி ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து உட்கார்ந்தார். ஆறாவது திங்கட்கிழமை, சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று அவரிடம் மாதிரிப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டக் கொடுத்தோம். இன்றைக்கு அவர் எங்கள் மாதிரிச் சேகரிப்புப் பிரிவின் பொறுப்பாளர்.

ஒரே முகூர்த்தத்தில் கொடுமுடியில் ஒரு கல்யாணம், சென்னிமலையில் ஒரு கல்யாணம். இரண்டு பத்திரிகையையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, இரண்டு பேரிடமும் “கண்டிப்பா வாரேனுங்க” என்றார். கொடுமுடிக்கு மனைவியை அனுப்பினார். சென்னிமலைக்குத் தம்பியை அனுப்பினார். தான் லேபுக்கு வந்து புழுவுக்குத் தீனி போட்டார்.

புழுக்களை அவர் ‘அவங்க’ என்றுதான் சொல்வார். “அவங்க சாப்புட்டாங்களா?”, “மூணாவது தொட்டில இருக்கறவங்க கொஞ்சம் வாட்டமா இருக்காங்க.” மீன் தீனியைப் பொடியாக அரைத்து, சல்லடையில் சலித்து, அவர் கையாலேயே தூவுவார். ஞாயிற்றுக்கிழமையும் வருவார். புழுத் தொட்டிகளைக் கழுவுகிற சரோஜாக்காவுக்கு இது பொறுக்காது.

“புழுவுக்கு வேளாவேளைக்குத் தீனி. எனக்குப் பதினோரு மணி டீ இன்னும் வந்தபாடில்லீங்க” என்பார்.

“வந்துருமுங்க அக்கா” என்பார் அவர். டீக்கடைக்காரரிடமும் அவர் கறாராகப் பேசியதில்லை என்பதால் டீ பன்னிரண்டுக்கு வரும்.

இப்படிப்பட்டவர் அறிக்கை எழுதினால் எப்படி இருக்கும்? சேர்ந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. பிறகு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அவருடைய வாக்கியங்களுக்கு அர்த்தம் எழுதி வைத்துக்கொண்டேன். ‘சிறு மாறுபாடு காணப்பட்டது’ என்றால் பாதி செத்துவிட்டன. ‘மேலும் ஆய்வு பயனளிக்கலாம்’ என்றால் எல்லாம் செத்துவிட்டன. ‘பாதிப்பு எதிர்பார்க்கப்படவில்லை’ என்றால், வாடிக்கையாளர் நேரில் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். யார் எதிர்பார்க்கவில்லை என்பது எந்த அறிக்கையிலும் இருக்காது.

எங்கள் லேபில் பரிசோதனை செய்தவர் கையெழுத்துப் போட்டால்தான் அறிக்கை வெளியே போகும். மேலாளர் கையெழுத்து அவர் விருப்பம். நல்ல சேதி உள்ள அறிக்கைகளில் மட்டும் அவர் விருப்பப்படுவார்.

இனி அந்த மென்மையாக்கி. அதைத் தயாரித்தவர் திருப்பூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு விற்பவர். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம், எங்கள் மேலாளரைவிட ஒரு ‘ங்க’ கூடுதலாகப் பேசுகிறவர். லேபுக்கு வரும் மாதிரிகளில் பெரும்பகுதி அவருடையவை. வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவருவார்: ஒரு தார் வாழைப்பழம், ஒரு சாக்குத் தேங்காய், தன் மென்மையாக்கியில் அலசிய சென்னிமலை பெட்ஷீட். எல்லாவற்றையும் எங்கள் மேலாளர் எழுந்து நின்று வாங்குவார். ‘மக்கும்’ என்ற சான்றை இந்த மென்மையாக்கிக்காரருக்கு எங்கள் லேப் ஏற்கெனவே கொடுத்திருந்தது. இப்போது வெளிநாட்டில் துணி வாங்குகிறவர் இன்னொன்றும் கேட்டார்: மக்குவது இருக்கட்டும், சேற்றில் வாழும் உயிர்களுக்கு இதனால் ஆபத்து உண்டா, இல்லையா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு எண்கள் போதும். ஒன்று, அந்தப் பொருள் குளத்துச் சேற்றில் எவ்வளவு சேரும். இன்னொன்று, எவ்வளவு சேர்ந்தால் அங்கே குடியிருப்பவர்கள் தாங்க மாட்டார்கள். முதல் எண் இரண்டாவதைவிட மிகவும் சிறியதாக இருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம். இரண்டாவது எண்ணைப் புழுக்கள் எனக்குச் சொல்லிவிட்டன. முதல் எண்ணில்தான் ‘மக்கும்’ என்ற சொல் உள்ளே வருகிறது. வேகமாக மக்குகிற பொருள் என்றால், வழியிலேயே பெரும்பங்கு அழிந்துவிடும் என்று கழித்துக்கொள்ளலாம். சான்றில் இருந்த வேகத்தை வைத்துக் கழித்தால் மிச்சம் கொஞ்சம்தான் வந்தது. புழுக்கள் தாங்குகிற அளவுக்குள் அடங்கிவிட்டது.

எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. துணியில் ஒட்டுவதற்காகவே செய்த பொருள் அது. துணி கிடைக்காவிட்டால் மண்ணில் ஒட்டும். சேற்றில் மேலே ஒரு விரல்நகக் கனத்துக்குத்தான் காற்று. அதற்குக் கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். அங்கே எதுவும் அவசரப்பட்டு மக்காது. இன்று வந்தது மக்கி முடிவதற்குள் நாளைக்கு உரியது வந்துவிடும். இருபத்தெட்டு நாளில் மக்கிவிடும் என்பது நமக்கு ஆறுதலான சேதி. புழுவுக்குச் சேற்று வாழ்க்கை மொத்தமுமே அந்த இருபத்தெட்டு நாள்தான்.

சந்தேகத்துக்கு விடை சரோஜாக்காவிடம் இருந்தது. கழுவுமிடத்துக்கு அடியிலிருந்து ஒரு நீலக் கேனை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

“ஏனுங்க அம்மணி, இந்த நாத்தம் புடிச்ச கேனத் தூக்கிப் போட்டரட்டுங்களா, இல்ல இதுக்கும் தீனி போடோணுங்களா?”

உள்ளே கசடு. மக்கும் சோதனைக்குக் கிருமிகள் தேவை; கழிவுநீர் நிலையக் கசட்டில் அவை இருக்கும். கேனின் மேல் அந்த மென்மையாக்கியின் பச்சை இலை இருந்தது. அதுதான் கவனத்தை இழுத்தது. மேலாளரிடம் போனேன்.

“சார், சான்றுக்குப் பண்ணுன சோதனைக்குக் கசடு எங்கிருந்துங்க எடுத்தீங்க?”

“அவுங்க ஃபேக்டரில இருந்துதானுங்க அம்மணி. நான் போயிருந்தப்ப அவரே முன்னால நின்னு ரொப்பிக் குடுத்தாரு. டிக்கியில வெச்சும் உட்டாரு.”

“அந்தக் கிருமி தெனமும் இதையேதான் தின்னுட்டு இருக்குதுங்க சார். பழகுன கிருமிகிட்டப் போட்டா வேகமா மக்கத்தான செய்யும்? இந்த மருந்தப் பாக்காத கிருமில்ல வேணும்?”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சுமாங்க?”

“குடுத்ததை எப்புடிங்க அம்மணி வேண்டாங்கறது? மொகம் வாடிப்போயிருமில்லீங்களா.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குற்ற உணர்வு எதுவும் இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் இரண்டாவது தடவை பரிமாறியதை மறுக்க முடியாமல் சாப்பிட்டவரின் முகம்தான் இருந்தது. வாழைத்தார், தேங்காய், பெட்ஷீட், கசடு. நான்கையும் ஒரே மரியாதையோடு வாங்கியிருக்கிறார். மற்ற மூன்றும் பரிசோதனைக்குள் போகவில்லை.

“ஊருக் கசடு எடுத்து மறுபடி ஒருக்கா பண்ணிப் பாத்தரட்டுங்களா சார்?” என்றேன்.

“பண்ணுங்க அம்மணி” என்றார். என்னிடமும் அவருக்கு மறுக்க வராது.

மறுநாள் ஊர்க் கழிவுநீர் நிலையத்துக்கு என்னோடு அவரும் வந்தார். என்னைக் குனியவிடாமல் வாளியைத் தானே பிடித்துக்கொண்டார். அங்கிருந்த ஊழியருக்கு மூன்று தடவை நன்றி சொன்னார். தன் சான்றைத் தப்பென்று காட்டப்போகிற கசட்டை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சுத் துணைக்கு வந்தவர்போல வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

மறுபடியும் இருபத்தெட்டு நாள். மக்கியது, மெதுவாக மக்கியது. அந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், சேற்றில் சேரும் அளவு புழுக்கள் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. நான் அறிக்கையை எழுதினேன். கடைசி வரி: ‘இப்போதைய பயன்பாட்டில் சேற்றில் வாழும் உயிர்களுக்கு ஆபத்து உண்டு.’ செயப்பாட்டு வினை எதுவும் இல்லை.

அவர் படித்தார். நன்றாக இருக்கிறது என்றார். இரண்டு நாள் கழித்து என் மேசையில் இன்னொரு வரைவு இருந்தது. பழைய வேகம், பழைய கணக்கு, ‘பாதிப்பு எதிர்பார்க்கப்படவில்லை’. கையெழுத்துக்கான இடத்தில் என் பெயர்.

“எதுல சார் நான் போடறதுங்க?”

“ரெண்டும் இருக்கட்டுங்க. ஃபேக்டரிக்காரரு நாளைக்கு மத்தியானம் வாராரு. எது தோதோ அதுல போட்டுக்கலாமுங்க.”

‘இதில் போடு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபம். மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். அவரோ யாரையும் எதையும் செய்யச் சொல்லாதவர். சொல்லாத ஆணையை எப்படி மீறுவது?

வீட்டில் உட்கார்ந்து என் வழிகளை எழுதிப் பார்த்தேன். ஒன்று, அவர் வரைவில் கையெழுத்துப் போடுவது. இரண்டு, வேலையை விடுவது. மூன்று, லேப் முதலாளியிடம் போவது. அவர் மேலாளரைக் கேட்பார், மேலாளர் ஆமாங்க என்பார், எதற்கு ஆமாங்க என்று யாருக்கும் தெரியாது. நான்கு, மேலாளர் யாராவது ஒருவரை மறுத்தே ஆகவேண்டிய ஒரு கேள்வியை மென்மையாக்கிக்காரர் முன்னாலேயே கேட்பது.

நான்கைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல பெண் செய்கிற காரியம் இல்லை என்று தெரியும்.

மறுநாள் மத்தியானம் மென்மையாக்கிக்காரர் இரண்டு பெட்ஷீட்டோடு வந்தார். மேலாளர் எழுந்து வாங்கினார். காப்பி வந்தது. நான் ஃபைலைத் திறந்து, என் அறிக்கையை மேலே வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

“சார், மேல இருக்கறது ஊருக் கசடு வெச்சு நான் எழுதுனது. ஆபத்து இருக்குதுன்னு போட்டிருக்கேன். இதுலயே கையெழுத்துப் போட்டரட்டுங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். மென்மையாக்கிக்காரரைப் பார்த்தார். கையில் இருந்த பெட்ஷீட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார். கீழே கடைசல் எந்திரம் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. மறுத்தால் என் முகம் வாடும். சரி என்றால் மென்மையாக்கிக்காரர் முகம் வாடும். மேலாளரின் வாழ்க்கையில் இரண்டு முகமும் ஒரே அறையில் இருந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

“போடுங்க அம்மணி” என்றார்.

போட்டேன்.

“என்னங்க சார், ஆபத்துங்கறாங்க?” என்றார் மென்மையாக்கிக்காரர், சிரிப்பு மாறாமல்.

“ஆமாங்க. புழு தாங்கலீங்க.”

“புழுதானுங்களே?”

“புழுதானுங்க.” அவரிடமும் ஒத்துக்கொண்டார். பிறகு, யாரும் கேட்காமல், மேலும் பேசினார். “மீனு அவங்களைத் தின்னுதானுங்க வளருது. சேத்துல அவங்க இல்லீன்னா மேல ஒண்ணும் இருக்காதுங்க.”

“நம்ம மாலு மக்கிப் போகுதுன்னு நீங்கதானுங்க சான்று குடுத்தீங்க?”

“குடுத்தனுங்க. நீங்க ரொப்பிக் குடுத்த கசட்டுல வேகமா மக்குச்சு. ஊருக் கசட்டுல அந்த வேகம் வரலீங்க. அன்னிக்கே நான் வேற கசடு எடுத்திருக்கோணும். எடுக்காம உட்டுப்போட்டேன். தப்பு எம்மேலதானுங்க.”

நான் அறிக்கையை எடுக்கக் கை நீட்டினேன்.

“இருங்க அம்மணி. பொம்பளப்புள்ள நீங்க ஒருத்தரே போட்டுட்டு நிக்கறது நல்லா இருக்காதுங்க” என்று சொல்லி, என் பேனாவையே வாங்கி, எனக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டார்.

நேரே கேட்டால் என்னை அவரால் மறுக்க முடியாது என்பதை நான் கணித்திருந்தேன். என்னைத் தனியாக விடவும் அவரால் முடியாது என்பது என் பட்டியலில் எங்கும் இல்லை.

மென்மையாக்கிக்காரர் காப்பியை முழுசாகக் குடித்தார். அறிக்கையை வாங்கிக்கொண்டார். “வாரேனுங்க” என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. அவருடைய மாதிரிகளும் வரவில்லை.

மூன்றாவது வாரம் லேப் முதலாளி வந்தார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

“ஏனுங்க சார், ரொம்ப வருசமா ஒழைச்சுப்போட்டீங்க. கொஞ்ச நாள் ஊட்டுல ரெஸ்ட் எடுத்தா ஒடம்புக்கு நல்லதில்லீங்களா?”

“நல்லதுங்க.”

“எப்ப இருந்துங்க தோதுப்படும்?”

“நீங்க சொல்றப்பங்க.”

“இன்னிக்கேன்னா?”

“ஆகட்டுங்க.”

ஒரு மனிதரை வேலையை விட்டு அனுப்பியதை நான் நேரில் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டார்கள். மேலாளர் கிளம்பும்போது என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன்.

“அம்மணி, ரெண்டாவது தொட்டில இருக்கறவங்க நாளைக்கு முட்டையில இருந்து வெளிய வந்துருவாங்க. தீனியப் பொடிசா அரைச்சுப் போடுங்க. பெருசாப் போட்டா அவங்களுக்குத் தின்ன வராதுங்க” என்றார்.

“சரிங்க சார்” என்றேன்.

அதன்பின் இரண்டு தடவை அவருக்கு போன் செய்தேன். இரண்டு தடவையும் புழுக்களை விசாரித்தார். லேபைப் பற்றியோ அந்த அறிக்கையைப் பற்றியோ கேட்கவில்லை.

இப்போதைய நிலை: அந்த மென்மையாக்கி விற்பனையில் இருக்கிறது, வேறொரு லேபின் அறிக்கையோடு. எங்கள் அறிக்கையை நாங்கள் திரும்பப் பெறவில்லை. அதன் நகல் இரண்டு கையெழுத்தோடு எங்கள் ஃபைலில் இருக்கிறது. தொழில்நுட்ப மேலாளர் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். சேற்றுப் பரிசோதனை கேட்டு அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு மாதிரியும் வரவில்லை.